கைநீட்டம் குழு திரும்பக் கிடைத்த விதம்

நான் இதுவரை ஒரு தடவைகூட இரத்தம் கொடுத்ததில்லை. நாற்பத்தைந்து கிலோ எடை வேண்டும் என்பது விதி. நான் நாற்பத்திரண்டைத் தாண்டியதே இல்லை. மூன்று முகாம்களில் வரிசையில் நின்றேன். மூன்றிலும் எடை பார்க்கிற பெண் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினாள். கடைசித் தடவை மட்டும் நின்றதற்காக ஒரு டம்ளர் மாதுளம் சாறு தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது மேடம். நீங்கள் எழுதுகிற வாக்குமூலத்தில் என்னை இரத்தம் கொடுப்பவள் என்று எழுதிவிடக் கூடாது. நான் கேட்பவள். பிறருக்காகக் கேட்பதும் ஒரு வேலைதான். பதினொரு வருடம் அதை ஒழுங்காகச் செய்தேன்.

பெயர் பிரசீதா. வயது நாற்பத்தொன்று. அங்காடிப்புரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். லேப் டெக்னீசியன் படிப்பைப் பாதியில் விட்டதும், கல்யாணம் அமையாததும் இந்த விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லாதவை. ஆனால் இரத்தம் தேடிக் கொடுக்க இணையத்தில் நான் நடத்துகிற 'கைநீட்டம்' குழு தொடங்குவதற்கு முன்னால் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. அந்த வீட்டில் நான் ஒரு அறை, ஒரு தட்டு, அவ்வளவுதான். குழு தொடங்கி மூன்றாம் வருடம் பெரிந்தல்மண்ணயின் எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாலும் வாட்ச்மேன் எழுந்து, "பிளட் சேச்சி வந்திருக்காங்க" என்று உள்ளே சொல்லுவான். என்னைவிட வயதில் மூத்தவர்களும் சேச்சி என்றார்கள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது அழைப்பு. சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

குழுவின் நடைமுறை இரண்டே இரண்டு. அதை நீங்கள் புரிந்துகொண்டால் மீதி தானாகப் புரியும்.

ஒன்று, கைப்படம். இரத்தம் கொடுக்கப் படுத்திருக்கும்போது தன் கையை, ஊசி குத்தியிருக்கிற இடத்தோடு, குழாயில் சிவப்பு ஓடுவது தெரிகிற மாதிரி எடுத்துக் குழுவில் போட வேண்டும். முகம் கூடாது. முகம் போட்டால் பெருமையாகிவிடும். முப்பத்தெட்டாயிரம் பேர் இருந்த குழுவில் எங்கே பார்த்தாலும் கைகள்தான். மீன்காரர் கை, டீச்சர் கை, பச்சை குத்திய கை, மருதாணி கை.

இரண்டாவது, 'ஆச்சு'. தேவையான இரத்தம் கிடைத்ததும் அந்த வேண்டுகோளின் கீழே நான் 'ஆச்சு' என்று போடுவேன். நான் மட்டும்தான் போடலாம். அதைப் பார்த்தபின் யாரும் கிளம்பக் கூடாது, கிளம்பியவர் பாதி வழியில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு கடையடைப்பு நாளில் பொன்னானியிலிருந்து ஐந்து பேர் ஒரே நோயாளிக்காக வந்து, இரத்தம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் சும்மா திரும்பினார்கள். மழையில் பைக் சறுக்கி ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு வந்த விதி. குழுவில் இல்லாதவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சேச்சி 'ஆச்சு' என்றால் ஆச்சு. பதினொரு வருடத்தில் ஒருவர்கூட மறுகேள்வி கேட்டதில்லை.

பிப்ரவரியில் நிலம்பூரில் ஒரு கல்லூரி முகாம். ஒரே ஞாயிற்றுக்கிழமை நூற்றுப் பன்னிரண்டு பையன்களும் பெண்களும் கைப்படம் போட்டார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டாவதோ என்னவோ, திரை வெள்ளையாகிவிட்டது. 'உங்கள் குழு போதைப்பொருள் பயன்பாட்டை ஊக்குவிக்கிறது. நிரந்தரமாக நீக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. அடுத்த நிமிடம் என் சொந்தக் கணக்கும் போனது.

ஊசியும் கையும் சேர்ந்தால் போதை என்று ஏதோ ஓர் இயந்திரம் முடிவு செய்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. மறுபடி பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை. முப்பத்தெட்டாயிரம் பேருடைய பதினொரு வருடத்தை நான்கு நிமிடத்தில் யார் பரிசீலிக்க முடியும்? பிறகு நான் நான்தான் என்று நிரூபிக்க முகத்தை வீடியோ எடுக்கச் சொன்னது. வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு, மேலே பார். எல்லாம் செய்தேன். 'நீங்கள் ஓர் உண்மையான நபர் என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை.' ஒன்பது தடவை எடுத்தேன். பொட்டு வைத்து, பொட்டில்லாமல், ஜன்னல் பக்கம், வாசலில் வெயிலில். ஒன்பதுக்கும் அதே வாக்கியம்.

பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை. அதுதான் கஷ்டம். ஒரு ஆள் இருந்து இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அந்த இணையதளத்துக்குப் பெங்களூரில் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஏழு பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டுகூடத் திரும்பவில்லை.

போன் மெல்ல மெல்ல நின்றது. முதல் வாரம் முப்பது அழைப்பு. இரண்டாம் வாரம் ஆறு. மூன்றாம் வாரம் ஒரு நாள் முழுக்க எதுவும் இல்லை. சார்ஜரிலிருந்து எடுத்து, வேறு எண்ணிலிருந்து நானே அடித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது.

அண்ணி ஷீபா மோசமானவள் இல்லை. ஆனால் அன்றைக்கு, "சேச்சிக்கு இப்பத் தேங்காய் துருவ நேரம் இருக்குமே" என்றாள். பதினொரு வருடமாகக் கேட்க நினைத்தது. துருவினேன். இரண்டு தேங்காய். அவளே பயந்துபோய், "போதும் சேச்சி, புட்டு ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்" என்று வாங்கி வைத்துவிட்டாள்.

ஜிதேஷ் ஒரு வாரத்திலேயே வேறு பெயரில் புதுக் குழு தொடங்கிவிட்டான். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்க்கிறவன், ஆறு வருடம் என்னோடு குழுவைக் கவனித்தவன். என்னையும் கூப்பிட்டான்.

"பேரு போனா போகுது சேச்சி. ரத்தம் கிடைச்சா போதாதா? வாங்க, உங்களையும் அட்மினாப் போடறேன்."

"என்னையும்னா?"

"சரி, உங்களத்தான். கோவப்படாதீங்க. அந்த அபூர்வ வகை ஆளுங்க லிஸ்ட்டை மட்டும் அனுப்புங்க."

அனுப்பவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் இருக்கிற புதுக் குழுவில் அவர்களுடைய எண்களைப் போடுவது பாதுகாப்பில்லை என்றேன். அது பொய்யில்லை. நாற்பது பேர் கொண்ட அந்தப் பட்டியல் என் போனிலும் இருந்தது, பெரும்பாலும் எனக்கு மனப்பாடமாகவும் இருந்தது. ஆனால் அது கைநீட்டத்தின் பட்டியல்.

கோழிக்கோட்டில் கேக் விற்கிற ஒரு பெண்ணின் கணக்கு இதே மாதிரி போய், அவள் டிவியில் அழுத ஆறு மணி நேரத்தில் திரும்ப வந்தது என்று கேள்விப்பட்டேன். உடனே நம் ஊர்ச் சேனலுக்குப் போன் செய்தேன். செய்தியாளர் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"சேச்சி, குரூப் போச்சுன்னு மட்டும் எப்படிப் போடறது? ஒரு கேஸ் வேணும். இந்த குரூப் இல்லாததால யாருக்காவது ரத்தம் கிடைக்காமக் கஷ்டப்பட்டாங்கன்னா சொல்லுங்க, அரை மணி நேரத்துல வேன் வந்துடும்."

அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் வேலை அது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, குழு போய் இருபத்து நான்காவது நாள், காலை பத்தரைக்கு அஷ்கர் என்றொருவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். இருபத்தாறு, இருபத்தேழு வயது. செருப்பு ஜோடி மாறியிருந்தது.

"பிளட் சேச்சி வீடு இதுதானா? எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க சேச்சி. எம் பொண்டாட்டி ஃபஹ்மிதா. நேத்துக் குழந்தை பொறந்துச்சு, பொண்ணு. அவளுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. ஓ வகைன்னு பத்துப் பை வச்சிருந்தாங்க, ஒண்ணுகூடச் சேரலயாம். இப்ப என்னமோ பம்பாய் ரத்தம்ங்கறாங்க. நான் பம்பாய் போனதே இல்ல சேச்சி, அவளும் போனதில்ல."

அவனை உட்காரவைத்து, அது ஓர் ஊரிலிருந்து வருவதில்லை, அப்படி ஒரு வகை இருக்கிறது, பல ஆயிரத்தில் ஒருவருக்கு, அவர்களுக்கு அவர்கள் வகை மட்டும்தான் சேரும் என்று விளக்கினேன். ஷீபா சாயா கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை, கையில் வைத்திருந்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு மோனே?"

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னாரு. ஒரு பை கிடைச்சாக்கூட அதை ஏத்தி ராத்திரி வரை தள்ளிடலாமாம். மங்களூர்லேர்ந்து ஒரு பை வர்றதுக்கு ராத்திரி ஆயிடுமாம்."

இந்தப் பக்கத்தில் அந்த வகை எனக்குத் தெரிந்து நான்கு பேர். ஒருவர் துபாயில். ஒருத்தி கர்ப்பிணி. ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். நான்காமவர் எடக்கரையில் ரப்பர் வெட்டுகிற தங்கச்சன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், கடைசியாகக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் வந்து படுத்துக் கையை நீட்டிவிடுவார். அவருடைய எண்ணை இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

"அந்த மாதிரி ஆளுங்க விவரமெல்லாம் குரூப்புக்குள்ளதான் இருக்கு மோனே" என்றேன். "குரூப்பைப் பூட்டிட்டாங்க. டிவில சொல்லுவோம். சொன்னாத் திறப்பாங்க. திறந்தா உடனே ஆள் கிடைச்சுடும்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

என் எண்ணம் நான்கு மணி வரைதான். நான்கு மணிக்குள் குழு திறந்துவிடும், திறக்காவிட்டாலும் நான்கு மணிக்குத் தங்கச்சனைக் கூப்பிட்டுவிடலாம், ஐந்தரைக்கு வந்துவிடுவார். டாக்டர் சொன்ன சாயங்காலத்துக்குள் அடங்குகிறது. நான் கணக்குப் போடாமல் எதையும் செய்யவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஜிதேஷ் கூப்பிட்டான்.

"சேச்சி, ஒரு பம்பாய் கேஸ் வந்திருக்கு. அந்த ரப்பர் வெட்டுற ஆளு எடக்கரையா, வழிக்கடவா? நம்பர் குடுங்க சீக்கிரம்."

"அவர் ஊர்ல இல்ல. பாலாவுல மக வீட்டுக்குப் போயிருக்கார்."

"ஐயோ. சரி, வேற பாக்கறேன். சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

ஒன்றேகாலுக்குச் சேனல் வேன் வந்தது. அஷ்கரை மாமரத்தடியில் நிற்கவைத்துப் பேசச் சொன்னார்கள். அவன் மனைவியின் பெயரைச் சொன்னதுமே உடைந்துபோனான். குழுவின் பெயர் தெளிவாக விழவில்லை. அதனால் நான்தான் செய்தியாளரிடம் சொல்லி இன்னொரு தடவை எடுக்கவைத்தேன். "கைநீட்டம்னு நிறுத்திச் சொல்லு மோனே. அவங்க காதுல விழணும்" என்றேன். இரண்டாவது தடவை நன்றாகச் சொன்னான். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இரண்டு மணிச் செய்தியில் முதலாவதாக வந்தது. செய்தியாளரின் போனுக்கு அந்த இணையதளத்திலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள், 'விவரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று. யாரோ. இருபத்து நான்கு நாளில் முதல் தடவையாக ஒரு மனிதர். நான் உள்ளே போய் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டேன். மூன்று மணிக்கு நேரலையில் நான் பேச வேண்டியிருந்தது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குத் தங்கச்சன் கூப்பிட்டார். அந்த அழைப்பு உங்கள் பட்டியலில் இருக்கிறது. நாற்பத்தொரு விநாடி என்று நீங்களே சொன்னீர்கள்.

"சேச்சி, தங்கச்சன். டீக்கடை டிவில பாத்தேன். நம்ம வகைதானே அந்தப் புள்ளைக்கு? என்னைக் கூப்பிடாம விட்டுட்டீங்களே. என் நம்பரும் அந்தப் பூட்டுக்குள்ள போயிடுச்சா? இங்க ஒரு ஜீப் நிக்குது, ஏறிட்டேன். வரேன்."

ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. கேமராக்காரன் எனக்காக நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவர் வந்துவிட்டால் நாலரைக்கு இரத்தம் கிடைத்துவிடும். சேனலில் கீழே ஓடுகிற எழுத்து 'இரத்தம் கிடைத்தது' என்று மாறும். வேன் போய்விடும். அந்த யாரோ பார்த்துக்கொண்டிருந்த விவரத்தை மூடிவிட்டு அடுத்த விவரத்துக்குப் போய்விடுவார். குழு இல்லாமலே இரத்தம் கிடைக்கிறது என்று அவர்களுக்கு நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.

"ஆச்சு, சேட்டா" என்றேன்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"கர்த்தரே, நல்லது. மனசுக்குச் சமாதானம். அப்ப நான் இறங்கிடறேன். மாட்டுக்குப் புல்லறுக்கணும். வெக்கறேன் சேச்சி."

அவர் ஏன் என்று கேட்டிருக்கலாம். எங்கிருந்து, யார் கொடுத்தது என்று ஒரு வார்த்தை. குழுவில் இருந்தவர் என்பதால் கேட்கவில்லை.

மூன்று மணி நேரலையில் நான் அழவில்லை. கேக் விற்கிற பெண் அழுதாள் என்றார்கள், எனக்கு வரவில்லை. ஆனால் நன்றாகப் பேசினேன் என்று செய்தியாளர் சொன்னாள். நான்கு மணி ஆனபோது, இன்னும் சிறிது நேரத்தில் பதில் வரும் என்றாள். அதனால் நான்கு மணியை ஐந்து மணியாக மாற்றிக்கொண்டேன். நான்கு முப்பத்தைந்துக்கு ஃபஹ்மிதா இறந்துபோனாள். செய்தி எனக்குச் சேனல் வழியாகத்தான் தெரிந்தது.

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அவளுக்குச் சேரக்கூடிய இரத்தம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது தானாகப் புறப்பட்டு ஜீப்பில் ஏறியது. நான் அதை இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குக் குழு திறந்தது. 'தவறுதலாக நீக்கப்பட்டது, வருந்துகிறோம்' என்று எழுதி, கீழே ஒரு மனிதரின் பெயர் போட்டிருந்தார்கள். எல்லாக் கைகளும் அப்படியே இருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஷீபா புட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். பத்து மணிக்குப் போன் அடித்தது. வண்டூரிலிருந்து, ஏ நெகட்டிவ், இதய அறுவை. இருபது நிமிடத்தில் ஆள் பிடித்துக் கொடுத்தேன்.

குழுவில் இன்றைக்கு அறுபத்தோராயிரம் பேர். திறந்த நாளிலிருந்து இருநூற்றுப் பதினேழு பேருக்குக் கிடைத்திருக்கிறது. எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். முகப்பில் ஃபஹ்மிதாவின் கல்யாணப் படம் இருக்கிறது. அஷ்கர்தான் தந்தான். நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் அவனே போய் முதல் தடவையாக இரத்தம் கொடுத்துக் கைப்படம் போட்டான். மெலிந்த கை. கடிகாரம் கட்டியிருந்த தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதற்கு நான் இதயம் போட்டேன். வேறு யாராக இருந்தாலும் போடுவேன், அவனுக்கு மட்டும் போடாமலிருந்தால் நன்றாக இருக்காது.

ஃபஹ்மிதா இறந்த செய்தியைத் தங்கச்சன் இரண்டு நாள் கழித்துத்தான் பேப்பரில் பார்த்திருக்கிறார். பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆச்சுன்னு சொன்னீங்களே சேச்சி."

"ஆயிடும்னு நெனச்சேன் சேட்டா."

"நான் ஜீப்புல ஏறிட்டேன்." இதை மூன்று தடவை சொன்னார். "ஏறி உக்காந்துட்டேன். டிரைவர் வண்டிய எடுத்துட்டான். நாந்தான் நிறுத்தச் சொல்லி இறங்கினேன்."

"உங்க மேல தப்பில்ல."

"அது எனக்குத் தெரியும்" என்றார். பிறகு பைக்கைக் கிளப்பினார். அன்றே குழுவிலிருந்து விலகியிருக்கிறார். அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர் போனது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும். அதற்குப் பிறகு நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. உங்களிடம் வந்து புகார் எழுதிக்கொடுத்ததும் அவர்தான் என்று தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னது எல்லாம் உண்மை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும். அந்த வகைக்கு இந்தப் பக்கத்தில் கொடுக்கக்கூடியவர் இப்போது அவர் ஒருவர்தான். என் மேல் இருக்கிற கோபத்தில் அவர் போனை எடுக்காமல் இருந்து, நாளைக்கு ஒரு பெண்ணுக்கு இரத்தம் கிடைக்காமல் உயிர் போனால் அதற்கு யார் பொறுப்பு என்று அவரைக் கேளுங்கள்.